ஜாக்கியை எங்கே வைப்பது? – காரின் அடிப்பாகம் சொல்லும் வரலாறு



நம் குடும்பக் குழுவில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. "அம்பாசடர் காலத்தில் ஜாக்கியை எங்கே முட்டுக் கொடுத்தாலும் வண்டி எழும்பும், ஒன்றும் ஆகாது. இப்போது பத்து லட்சம் கொடுத்து வாங்கும் காருக்கு இங்கே வைக்காதே, அங்கே வைக்காதே என்கிறார்கள். தகரம் அவ்வளவு மட்டமாகிவிட்டதா?" என்பது கேள்வி. கேட்டவருக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சிலர் சிரிப்புப் படம் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகரம் மட்டமாகிவிடவில்லை. காரின் பாரத்தைத் தாங்கும் இடம்தான் மாறிவிட்டது. வண்டி மாறியது, நம் கைப்பழக்கம் மாறவில்லை. அடிப்பாகம் நசுங்குவதற்கும், துருப்பிடிப்பதற்கும், சில சமயம் உயிர் போவதற்கும் காரணம் இந்த இடைவெளிதான். அது எப்படி வந்தது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. எலும்புக்கூடு தனியாக இருந்த காலம்

முதல் கார்களைக் குதிரை வண்டியின் தம்பி என்றே சொல்லலாம். கீழே இரண்டு நீளமான சட்டங்கள், அவற்றை இணைக்கக் குறுக்குச் சட்டங்கள் என்று ஏணியைப் படுக்க வைத்தது போன்ற அமைப்பு. இதைத்தான் சேசிஸ் என்கிறோம். அதன் கீழே பட்டை ஸ்பிரிங், அதற்கும் கீழே இரும்பு அச்சு, அச்சின் இரு நுனியிலும் சக்கரம். சேசிஸின் மேலே மரத்தாலும் தகரத்தாலும் செய்த உடலை போல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். உடலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக்கூட வண்டியை ஓட்டலாம்.

1908இல் வந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இரும்பு அச்சு. பின்பக்கமும் அப்படியே. ஜாக்கியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்தில் அச்சுக்குக் கீழே வைத்துத் திருகினால் சக்கரம் எழும்பும். பாரம் அச்சின் மேல் விழுகிறது. அச்சு அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அடித்துச் செய்யப்பட்டது. உடலுக்கும் இந்த வேலைக்கும் தொடர்பே இல்லை.

ஜாக்கியின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருகு ஜாக்கி காரை விடப் பழையது. எண்ணெய் ஜாக்கியும் அப்படித்தான். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியை வகுப்பில் படித்தது நினைவிருக்கும். அதை வைத்து 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துச் செல்லக்கூடிய நீரழுத்த ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. தூக்கும் கருவி முன்பே தயாராக இருந்தது. தூக்கப்படும் பொருள்தான் பின்னால் வந்து, மாறிக்கொண்டே போனது.

2. ஸ்டெப்னி என்ற சொல்

அந்தக் காலச் சாலைகளில் குதிரை லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் நிறையக் கிடக்கும். பஞ்சர் அன்றாடச் சங்கதி. ஆரம்ப காலக் கார்களில் இன்று போல் சக்கரத்தை எளிதாகக் கழற்றி மாட்ட முடியாது. வழியிலேயே டயரைப் பிரித்து, ட்யூபை ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும்.

வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்வவிட்டு வண்டியை ஓட்டிப் போய்விடலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தப் பெயரே கருவிக்கும் வந்தது. அந்தக் கருவி போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் மாற்றுச் சக்கரத்தை நாம் இன்றும் "ஸ்டெப்னி" என்றுதான் சொல்கிறோம். நம் ஊர் லாரி ஓட்டுநர் தினமும் பத்து முறை சொல்லும் சொல்லில் வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்று ஒளிந்திருக்கிறது.

பிறகு கழற்றி மாட்டும் சக்கரம் பொதுவானது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் வண்டியைத் தூக்கியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு காரோடும் ஒரு ஜாக்கியும் சேர்ந்து வரத் தொடங்கியது. பொறியாளர் கையிலிருந்த கருவி சாதாரணக் குடும்பத்தின் கைக்கு வந்தது.

3. பம்பரைப் பிடித்துத் தூக்கிய காலம்

1930களில் கார்கள் தாழ்ந்தன, நீண்டன. அச்சைத் தேடிக் காருக்கு அடியில் புழுதியில் படுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பும் பரவியது. சக்கரத்துக்குச் சக்கரம் ஓடிய முன் அச்சு மறைந்தது. ஜாக்கி வைக்கும் பழைய இடமே இல்லாமல் போயிற்று.

அமெரிக்கர்கள் பம்பரைப் பிடித்தார்கள். அடித்தட்டு ஒன்று, அதில் நிற்கும் பல் வெட்டிய கம்பம், கம்பத்தில் ஏறும் கொக்கி. கொக்கியைப் பம்பருக்குக் கீழே மாட்டி நெம்புகோலை அடித்தால் பல் பல்லாக ஏறும். பம்பர் அப்போது கனத்த இரும்பு. நேரே சேசிஸில் பூட்டப்பட்டது. அதனால் பாரம் தாங்கியது. குனியாமல், சட்டை அழுக்காகாமல் வேலை முடியும். ஆனால் உயரமான ஒற்றைக் கம்பத்தின் மேல் வண்டியின் ஒரு முனை நிற்கும். வண்டி லேசாக நகர்ந்தாலும் கம்பம் சாயும். வசதிக்காக உறுதியை விட்டுக்கொடுத்த கருவி அது. பிறகு பம்பர்களின் வடிவம் மாறி, மேலே பிளாஸ்டிக் உறை வந்தபோது அந்த ஜாக்கி கார்களை விட்டுப் போய்விட்டது.

இங்கிலாந்தில் சில உயர்விலைக் கார்களில் வேறு ஏற்பாடு இருந்தது. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் "ஜாக்கால்" என்ற அமைப்பில் எண்ணெய் ஜாக்கிகள் காரின் அடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளேயிருந்து நெம்புகோலை இயக்கினால் கால்களை ஊன்றி வண்டி எழும். அதிலும் அந்தக் கால்களைச் சேசிஸோடும் அச்சோடும்தான் பூட்டினார்கள். உடலைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. எலும்புக்கூடு போய் ஓடு வந்தது

இனித்தான் கதையின் திருப்பம்.

1922இல் பாரிஸ் கண்காட்சியில் இத்தாலியின் லான்சியா நிறுவனம் லாம்டா என்ற காரைக் காட்டியது. அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்கியது. கப்பலின் அடிக்கூட்டைப் பார்த்துத்தான் வின்சென்சோ லான்சியாவுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

இதைப் பெருமளவில் எஃகுத் தகட்டில் செய்து காட்டியது பிரான்சின் சிட்ரோன். 1934இல் வந்த டிராக்சியன் அவான் காருக்கு உடலும் சட்டமும் ஒன்றே. தகடுகளை அழுத்தி வளைத்து, மின்சாரத்தால் பற்றவைத்து ஒரே கூடாக்கும் நுட்பத்தை அமெரிக்காவின் பட் நிறுவனத்திடமிருந்து பெற்றார்கள். புதுக் காருக்குக் கொட்டிய செலவில் சிட்ரோன் நிறுவனம் அதே ஆண்டில் திவாலாகி மிஷலின் கைக்குப் போனது. ஆனால் யோசனை பிழைத்துக்கொண்டது. 1935இல் ஜெர்மனியில் ஓப்பல் ஒலிம்பியா, 1941 மாடலாக அமெரிக்காவில் நாஷ் 600 என்று வரிசையாக வந்தன. 1960இல் கிரைஸ்லர் தன் பெரும்பாலான கார்களை இந்த முறைக்கு மாற்றியது.

ஏன் எல்லோரும் இதற்கு மாறினார்கள்? எடை குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, வண்டி தாழ்வாக நிற்கிறது. தகட்டைப் பெட்டியாக மடித்துவிட்டால் முறுக்குக்கு நன்றாகத் தாங்கும். ஒரு காகிதத்தை நிமிர்த்தி வைத்தால் நிற்காது. அதையே குழலாகச் சுருட்டினால் மேலே ஒரு புத்தகத்தை வைக்கலாம். வகுப்பில் செய்து பார்த்திருக்கிறோம்.

அந்தக் காகிதக் குழலின் நடுவில் விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே போய்விடும். ஜாக்கிப் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். சேசிஸின் சட்டம் சில மில்லிமீட்டர் கனம். உடல் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முழுக் கூடாகச் சேர்ந்து ஒரு டன்னைத் தாங்கும் அந்தத் தகடு, ஓரிடத்தில் குத்தினால் தாங்காது.

5. கதவுக்குக் கீழே ஒரு விளிம்பு

அப்படியானால் இந்தக் காரை எங்கே தூக்குவது? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஒரு பெட்டி ஓடுகிறது. பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். வெளித்தகடு ஒன்றும் உள்தகடு ஒன்றும் சேர்ந்து அந்தப் பெட்டியாகின்றன. இரண்டு தகடுகளின் ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பு தெரியும். அதுதான் அந்தத் தையல்.

அந்த விளிம்பில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் பெரும்பாலான கார்களில் இரண்டு சிறு வெட்டுகளோ அம்புக் குறியோ இருக்கும். வண்டிக்கு நான்கு இடங்கள். அந்த இடத்தில் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். காரோடு கொடுக்கும் கத்திரி ஜாக்கியின் தலையைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். அப்போது விளிம்பு பக்கவாட்டில் மடங்காது. ஜாக்கியும் வழுக்காது. காரும் ஜாக்கியும் சாவியும் பூட்டும் போலச் சேர்த்து வடிவமைக்கப்பட்டவை.

பட்டறையிலும் பஞ்சர் கடையிலும் இருப்பது தள்ளிக்கொண்டு போகும் டிராலி ஜாக்கி. அதன் தலை தட்டையாகவோ கிண்ணம் போலவோ இருக்கும். விளிம்புக்கென்று பள்ளம் இருக்காது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் இந்த அளவு எனக்கு வரும்.

ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் 300 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கித் தலை 5 செ.மீ.க்கு 5 செ.மீ. முழுவதும் பதிந்து உட்கார்ந்தால் பரப்பு 25 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 12 கிலோ. அதே தலையின் மேல் 2 மி.மீ. கனமுள்ள விளிம்பு மட்டும் நின்றால் பரப்பு 1 சதுர செ.மீ. இப்போது 300 கிலோவும் அந்த ஒரு சதுர செ.மீ.யில்! பாரம் அதேதான், அழுத்தம் 25 மடங்கு. விளிம்பு மடங்காமல் வேறென்ன செய்யும்?

அதனால்தான் இடையில் வைக்க ரப்பர் கட்டை வந்தது. நடுவில் பள்ளம் வெட்டிய வட்ட ரப்பர். பள்ளத்துக்குள் விளிம்பு இறங்கிவிடும், பாரம் இருபுறமும் பரவும், இரும்போடு இரும்பு உரசாது. சிலர் மரக்கட்டை வைப்பார்கள். வெறும் இரும்புக்கு அது மேல் என்றாலும், விளிம்பு அழுந்தும்போது மரம் நரம்போடு பிளக்கலாம். பிளந்தால் வண்டி சட்டென்று இறங்கும். ரப்பரில் அந்தப் பயம் குறைவு.

6. நம் நாட்டில் என்ன நடந்தது

அம்பாசடருக்கு வருவோம். பலரும் அதைச் சேசிஸ் வண்டி என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அதன் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரே உடலும் சட்டமும் ஒன்றான கார்தான். பிரீமியர் பத்மினியின் மூலமான ஃபியட் 1100 காரும் அப்படியே. பிறகு ஏன் "எங்கே வைத்தாலும் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை வந்தது? இரண்டு கார்களிலும் பின்பக்கம் கனத்த இரும்பு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. ஓட்டுநர்கள் ஜாக்கியை அங்கே செருகினார்கள். அதாவது அவர்கள் கண்ட இடத்திலெல்லாம் வைக்கவில்லை. பாரம் தாங்கும் இடத்தில்தான் வைத்தார்கள். காரணம் சொல்லத் தெரியாமலே சரியாகச் செய்தார்கள்.

உண்மையிலேயே தனிச் சேசிஸ் இருந்த கார் நம் சென்னைக்குப் பக்கத்தில் தயாரானது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. உலகம் சேசிஸை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு தனிச் சேசிஸின் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்த கார். நம்மில் மூத்தவர்கள் அதில் பயணம் செய்திருப்பீர்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுமார் 650 கிலோ. என்ஜின் குறுக்காக அமைந்து முன்சக்கரங்களைச் சுழற்றும் கார். முன்பக்கம் ஜாக்கி வைக்கப் பழைய மாதிரி அச்சே கிடையாது. கார் ஓட்டியே பழகாத பல லட்சம் குடும்பங்கள் முதல்முறையாகக் கார் வாங்கின. ஆனால் வழியில் பஞ்சரானால் கை கொடுத்தவர்கள் லாரிக்கும் ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் சக்கரம் மாற்றிப் பழகிய கைகள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையேடு காரின் டேஷ்போர்டுக்குள் உறை பிரிக்காமல் இருந்தது.

இன்றும் நம் சாலையில் இரண்டு இனமும் கலந்து ஓடுகின்றன. பொலீரோ, லாரி, டெம்போ எல்லாம் சேசிஸ் இனம். பெரும்பாலான சிறிய கார்கள் ஓட்டு இனம். ஒரே பஞ்சர் கடைக்கு இரண்டும் வரும். பையன் முதல் வண்டிக்குச் செய்ததையே இரண்டாவது வண்டிக்கும் செய்கிறான்.

7. தவறான இடத்தில் வைத்தால்

நம் பள்ளியில் படித்து இப்போது டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மாணவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "சார், பழைய கார் வாங்க யாராவது கூட்டிப்போனால் நான் முதலில் படுத்து ரன்னிங் போர்டு விளிம்பைத்தான் பார்ப்பேன். அந்த வண்டியை இத்தனை வருஷம் யார் கையில் விட்டிருந்தார்கள் என்று அது சொல்லிவிடும்" என்றார். அவர் சொன்னவற்றோடு நான் அறிந்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

விளிம்பு மடங்கினால் அழகு கெடுவதோடு போகாது. மடங்கிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும், தையலை அடைத்திருக்கும் பசை பிளக்கும். மழைநீர் உள்ளே போகும். துரு என்பது இரும்பை விட அதிக இடம் பிடிக்கும் பொருள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் உண்டானால் தகடுகளைப் பிரித்துத் தள்ளும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அந்தப் பெட்டிதான் பக்கவாட்டில் இடிபட்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் பாகங்களில் ஒன்று. இங்கிலாந்தின் வருடாந்திர வாகனச் சோதனையில், சீட் பெல்ட் போன்றவை பூட்டிய இடத்திலிருந்து 30 செ.மீ. சுற்றளவில் உடல் துருவேறிப் பலம் இழந்திருந்தால் வண்டியைத் தேர்ச்சியடைய விட மாட்டார்கள். துருவை அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

தரைத் தகட்டின் கீழே வைத்தால் தகடு மேலே குழிந்து எழும்பும். அந்த வழியாகத்தான் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் போகின்றன. அவை நசுங்கலாம்.

என்ஜினுக்குக் கீழே, எண்ணெய் நிற்கும் தொட்டியில் வைத்தால் அதைவிட ஆபத்து. தொட்டியின் அடியிலிருந்துதான் ஒரு குழல் எண்ணெயை உறிஞ்சி என்ஜின் முழுவதும் அனுப்புகிறது. தொட்டி குழிந்தால் அந்தக் குழலின் வாய் அடைபடலாம். எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகியிருக்காது. ஆனால் என்ஜின் எண்ணெய் இல்லாமல் ஓடும். சில நூறு ரூபாய்ப் பஞ்சர் வேலை, முழு என்ஜின் வேலையில் போய் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலானது உயிர். விளிம்பு மடங்கும்போது அது மெதுவாக மடங்காது. ஒரு நொடியில் ஜாக்கி சரியும். அந்த நேரத்தில் காருக்கு அடியில் கையோ காலோ தலையோ இருந்தால் அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகளே, எந்த ஜாக்கியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு. நிறுத்தி வைப்பதற்கு இரும்புத் தாங்கிகள் தனியாக இருக்கின்றன.

8. பட்டறை லிஃப்டும், தானாக எழும் காரும்

பெரிய பட்டறைகளில் இப்போது இரண்டு தூண் லிஃப்ட் இருக்கிறது. இதன் மூதாதையை 1920களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்பவர் செய்தார். சலூன் நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். இன்றைய லிஃப்டின் நான்கு கைகளும் நீங்கள் குனிந்து பார்த்த அதே நான்கு இடங்களைத்தான் பிடிக்க வேண்டும். கை நுனியில் ரப்பர் தேய்ந்து போயிருந்தால் விளிம்பு அடிபடும். சர்வீசுக்கு விடும்போது கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

1955இல் வந்த சிட்ரோன் டிஎஸ் காரின் முறை வேடிக்கையானது. அதன் ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும். சக்கரம் மாற்ற வேண்டுமானால் முதலில் கார் தன்னைத்தானே முழு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு தாங்கியைப் பொருத்துவார்கள். பிறகு காரைத் தாழ்ந்த நிலைக்கு மாற்றினால், உடல் தாங்கியில் நிற்க, சக்கரம் தரையை விட்டு மேலே போகும். தூக்குவதற்கு ஜாக்கியே தேவையில்லை. ஆனால் அங்கும் தாங்கியை வைக்க ஒரே ஒரு சரியான இடம்தான் இருந்தது.

9. மின்சாரக் கார் வந்த பிறகு

இதை நான் எழுத உண்மையான காரணம் இந்தப் பகுதிதான்.

மின்சாரக் காரில் பேட்டரி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தரைக்குக் கீழே, நான்கு சக்கரங்களுக்கும் நடுவில் பெரிய பலகை போலக் கிடக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோ. 2010இல் வந்த நிசான் லீஃப், 2012இல் டெஸ்லா மாடல் எஸ், நம் நாட்டில் 2020இல் டாடா நெக்ஸான் மின்கார் என எல்லாவற்றிலும் பேட்டரி அடியில்தான். கீழேயிருந்து பார்த்தால் தட்டையாக, பலமான இரும்புத் தளம் போலத் தெரியும். ஜாக்கி வைக்க இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். வைக்கவே கூடாத இடம் அதுதான். மூடி குழிந்து உள்ளே இருக்கும் செல் நசுங்கினால் உள்ளுக்குள்ளேயே மின்கசிவாகித் தீப்பிடிக்கலாம். உடனே பிடிக்காமல் பிறகும் பிடிக்கலாம். தீப்பிடிக்காவிட்டாலும் பேட்டரியின் விலை காரின் விலையில் பெரும் பங்கு. டெஸ்லா மாடல் 3 காரில் ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களிலும் துளை விட்டிருக்கிறார்கள். அதில் பொருந்தும் ரப்பர் கட்டையைச் செருகித்தான் தூக்க வேண்டும்.

என் மைத்துனர் மகள் சென்ற ஆண்டு மின்சாரக் கார் வாங்கினாள். நெடுஞ்சாலையில் பஞ்சர். காரில் ஸ்டெப்னியும் இல்லை, ஜாக்கியும் இல்லை. ட்யூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. வழியிலிருந்த கடைக்குப் போனாள். கடைக்காரர் டிராலி ஜாக்கியை நேரே பேட்டரிக்குக் கீழே தள்ளினார். அவள் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று நிறுத்தி, கையேட்டின் பக்கத்தைக் காட்டினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு யாரும்மா இதெல்லாம் சொல்றாங்க" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது. அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. லட்சக்கணக்கில் காரை விற்பவர்கள், அதைத் தெருவில் தொடப்போகிற கைகளுக்கு ஒரு பக்கத் தாள்கூட அச்சடித்துக் கொடுப்பதில்லை. அந்த வேலையை நாமாவது செய்வோம்.

10. செய்ய வேண்டியவை

சமதரையில், கெட்டியான தரையில் நிறுத்துங்கள். கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்து உலுக்கினால் ஜாக்கி சரியும்.

விளிம்பில் உள்ள குறியைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். சேறு ஒட்டியிருந்தால் துடையுங்கள். விளிம்பு ஜாக்கித் தலையின் பள்ளத்துக்குள் நேராக இறங்கியதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். சில கார்களில் விளிம்பே பாரம் தாங்கும், சிலவற்றில் விளிம்புக்கு அருகிலுள்ள தட்டையான இடம் தாங்கும். உங்கள் காரின் கையேடு சொல்வதுதான் முடிவு.

கடையில் டிராலி ஜாக்கி என்றால் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்று டிக்கியில் இருக்கட்டும். பெரிய விலை கிடையாது.

விளிம்பு ஏற்கெனவே மடங்கியிருந்தால் அடுத்த மழைக்கு முன் டிங்கரிடம் காட்டி நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்டும் அடித்துவிடுங்கள். ரன்னிங் போர்டின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளைப் பூச்சுப் பூசி அடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு நீளமாகப் பாடம் நடத்திய பிறகு வீட்டுப்பாடம் இல்லாமல் விட்டால் நான் வாத்தியார் ஆக மாட்டேன். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் உங்கள் காருக்குப் பக்கத்தில் குனிந்து அந்த நான்கு இடங்களையும் கண்டுபிடியுங்கள். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரையும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, அழைத்துக் காட்டுங்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பஞ்சர் கடைக்குப் போகும்போது அங்கே வேலை பார்க்கும் தம்பியிடம் அதைக் காட்டுங்கள். அதிகாரமாகச் சொல்லாமல், மரியாதையாக.

செய்தவர்கள் கீழே "முடித்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்